டின் பாலும் தீக்குழியும்

நான் ஓய்வு பெற்ற மறுவாரமே என் வீட்டு வாசலுக்கு வைட்டமின் வர ஆரம்பித்துவிட்டது. முதலில் வந்தவள் என் நாத்தனார் மகள். கையில் ஒரு பெட்டி, பெட்டிக்குள் சின்னச் சின்னப் பாக்கெட்டுகள், பாக்கெட்டுக்குள் ஊதா நிறப் பொடி. தண்ணீரில் கலக்கிக் குடித்தால் மூட்டு வலி, முடி கொட்டுவது, தூக்கமின்மை எல்லாம் பறந்துவிடுமாம். மாமியார் தொல்லையும் போகுமா என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"அத்தை, நீங்க மிஸியா இருந்தவங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா கோலசிலாங்கூரே வாங்கும். எனக்குக் கீழ சேர்ந்துக்குங்க லா" என்றாள்.

மலேசியாவில் எங்கள் பக்கத்தில் தாதியை மிஸி என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த ஒரு சொல்லுக்கு இவ்வளவு சந்தை மதிப்பு இருப்பது வேலையில் இருந்த காலத்தில் எனக்குத் தெரியவே தெரியாது. நாத்தனார் மகளுக்குப் பின்னால் எதிர்வீட்டுக்காரர் நுரை மாத்திரையோடு வந்தார். அவருக்குப் பின்னால், குழாய் ரிப்பேர் செய்ய வந்த பையன் வேலையை முடித்துவிட்டுப் பையிலிருந்து ஏதோ பச்சைப் புட்டியை எடுத்தான். குழாய் இன்னும் ஒழுகுகிறது, அது வேறு விஷயம்.

கிளினிக்கில் இப்போது வேலை பார்க்கும் பெண்களும் வாட்ஸ்அப்பில் கேட்கிறார்கள். "அக்கா, பேஷண்ட் எல்லாம் இந்த மாதிரிப் பொடியத் தூக்கிட்டு வராங்க. நாங்க என்ன சொல்றது? நீங்க எப்படிச் சமாளிச்சீங்க?" கட்டை விரலால் பதில் தட்டத் தொடங்கினேன். விரல்தான் வலித்தது, பதில் முடிந்தபாடில்லை. அதனால் உட்கார்ந்து எழுதிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. படுக்கை விரிப்பின் மூலையைச் சுருக்கமில்லாமல் மடிக்கக் கற்றுக்கொண்டேன். ஊசி போடக் கற்றுக்கொண்டேன். பெரிய சிஸ்டர்கள் வரும்போது சுவரோடு சுவராக ஒட்டி நிற்கவும் கற்றுக்கொண்டேன். கிள்ளானில் கொஞ்ச காலம், தஞ்சோங் காராங்கில் கொஞ்ச காலம், அதற்கப்புறம் பத்தாங் பெர்ஜுந்தாய். ஊருக்குப் புதுப் பெயர் வைத்துப் பலகையையும் மாற்றிவிட்டார்கள். எங்கள் வாய்க்கு அது இன்னும் பெர்ஜுந்தாய்தான்.

சுற்றிலும் எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனைத் தோட்டங்கள். கிளினிக்குக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் தோட்டத்துச் சனங்கள். நோய்க்கு மருந்து கொடுத்தால் சந்தேகமாகப் பார்ப்பார்கள். வைட்டமின் கொடுத்தால் முகம் மலர்ந்துவிடும். புளிப்பாக இருக்கும் அந்த வைட்டமின் சி மாத்திரைக்குத் தோட்டத்து லயத்து வீடுகளில் மிட்டாய்க்குள்ள மரியாதை. பி காம்ப்ளக்ஸ் என்கிற மஞ்சள் மாத்திரைக்குப் பெயரே 'பவர்'. "மிஸி, இருமலுக்கு என்னமோ குடுங்க, அதோட கொஞ்சம் பவரும் போடுங்க" என்பார்கள். ஒருவர் அந்தப் பவரை முதல் முறை சாப்பிட்டுவிட்டு மறுநாள் காலையில் ஒரு புட்டியோடு ஓடி வந்தார். புட்டிக்குள் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. பளிச்சென்று மஞ்சள். கிட்னி போய்விட்டது என்று வீட்டில் ஒப்பாரி தொடங்கிவிட்டதாம். உடம்புக்குத் தேவையானதுபோக மிச்சம் வெளியே வருகிறது, ஒன்றும் ஆகாது என்று விளக்கினேன். அவருக்கு உயிர் பயம் போய், கொடுத்த பவரில் பாதி வீணாகிறதே என்ற கவலை வந்துவிட்டது.

வைட்டமினையாவது சமாளிக்கலாம். குடிக்கிற சமாச்சாரம்தான் பெரும்பாடு. எங்கள் சனங்களுக்குச் சாப்பிட்டால்தான் சாப்பாடு. குடிப்பதெல்லாம் தண்ணீர்க் கணக்கு. பார்வதி அக்கா என்று ஒருவர். இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய், இருக்கிறதா என்று பார்க்க வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வேண்டும். விரதமாக வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். மறுநாள் தலை குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு பக்தியோடு வந்து உட்கார்ந்தார்.

"பசியாறலையே அக்கா?"

"ஐயோ, இல்ல மிஸி. விரதம் லா. ஒரு தம்ளர் பாலும் வாழப்பழமுந்தான்."

இது முருகனுக்கு இருக்கிற விரதம் இல்லை, கிளினிக்குக்கு இருக்கிற விரதம், பச்சைத் தண்ணீர் மட்டும்தான் குடிக்கலாம் என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். அடுத்த தடவை பச்சைத் தண்ணீர் மட்டும்தான் குடித்திருந்தார். அதில் ஓர் ஆரஞ்சு நுரை மாத்திரையைப் போட்டிருந்தார், அவ்வளவுதான். விடிய விடியக் கதை கேட்டு, சீதைக்கு ராமன் சித்தப்பா.

இப்படி நான் தலையில் அடித்துக்கொள்ளும் போதெல்லாம் அமைதியாக இருப்பவர் சிஸ்டர் ஜலேஹா. அவர்தான் எனக்கு மேலதிகாரி. மலாய்க்காரர், தோட்டத்தை ஒட்டிய கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், பிறந்து வளர்ந்தவர். தமிழ் சரளமாகப் பேசுவார், ஆனால் மரியாதை விகுதிகளை மட்டும் யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. எழுபது வயதுப் பெரியவரைப் பார்த்து, மிகுந்த அன்போடு, "தாத்தா, நீ இங்க வா, நீ உக்காரு" என்பார். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. நான் 'நீங்க நீங்க' என்று குழைந்து பேசியும் கேட்காதவர்கள் அவருடைய ஒரு 'நீ'க்குக் கட்டுப்பட்டார்கள்.

சிஸ்டருக்கு இரண்டு வழக்கம் உண்டு. ஒன்று, இனிப்பு நீர்க்காரர்கள் வரும் நாளில் முதலில் காலைப் பார்ப்பார், அப்புறம்தான் முகத்தைப் பார்ப்பார். "முகம் பொய் சொல்லும், கால் சொல்லாது" என்பார். ஆள் உள்ளே நுழையும்போதே நாற்காலிக்கு முன்னால் ஒரு சின்ன முக்காலியும் அதன்மேல் சுத்தமான துணியும் தயாராக இருக்கும். விரல் இடுக்கு, குதிகால், நகத்தின் ஓரம் என்று வரிசை மாறாமல் பார்ப்பார். கண்ணாடியைக் காலுக்கு அடியில் பிடித்து, நோயாளியையும் அவருடைய பாதத்தைப் பார்க்க வைப்பார். தன் உள்ளங்காலைப் பல வருடங்களாகப் பார்க்காதவர்கள் ஏராளம். சிலர் அதைப் பார்த்துவிட்டு, "இது யாரோட காலு மிஸி?" என்றே கேட்டிருக்கிறார்கள்.

இன்னொன்று, அவர் யாரோடும் வாதாட மாட்டார். "காட்டு" என்பார். நோயாளி அரைக் கரண்டி சீனிதான் போடுகிறேன் என்றால், அலமாரியைத் திறந்து ஒரு தம்ளர், ஒரு கரண்டி, ஒரு சீனி டப்பா எல்லாவற்றையும் மேசையில் வைத்து, "போட்டு காட்டு" என்பார். நோயாளியின் கை தன் வழக்கப்படியே போகும். அரைக் கரண்டி என்பது கரண்டிக்கு மேலே கோபுரம் கட்டி நிற்கும். சிஸ்டர் தம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து அடியில் கிடப்பதைப் பார்ப்பார், அவ்வளவுதான். அந்தச் சீனி டப்பாவால் கிளினிக்கில் எறும்புத் தொல்லை தாங்க முடியவில்லை. மேலிடத்திலிருந்து சோதனைக்கு வந்தவர்கள் அதற்காகவே ஒருமுறை திட்டிவிட்டுப் போனார்கள்.

இந்த முக்காலியில் காலைத் தூக்கி வைத்தவர்களில் என்னால் மறக்க முடியாத ஆள் மண்டோர் காத்தமுத்து. ஆற்றோரத் தோட்டம் ஒன்றில் மண்டோர், அதாவது ஆட்களை வேலை வாங்குகிறவர். வாட்டசாட்டமான மனிதர், பெரிய மீசை, அதைவிடப் பெரிய குரல். எதைச் சொன்னாலும் பத்துச் செம்பனை மரம் தள்ளி நிற்பவனுக்குச் சொல்வதுபோலத்தான் சொல்வார். தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் கரகத்துக்குப் பின்னால் முதல் ஆளாகத் தீக்குழியில் இறங்குவது அவர்தான். அது அவருக்கு மண்டோர் பதவியைவிடப் பெரிய பதவி.

ரத்தத்தில் சீனி மானாவாரியாக ஏறியிருந்தது. என்ன குடிக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"நான் சீனிய கண்ணாலயும் பாக்கறதில்ல மிஸி! தேத்தண்ணிக்கு வெறும் பாலுதான்!"

சிஸ்டர் அலமாரியைத் திறந்தார். தம்ளரை எடுத்துச் சுடச்சுடத் தேநீர் ஊற்றி, பக்கத்தில் ஒரு பால் டின்னை வைத்தார். தோட்டத்து வீடுகளில் பால் என்றால் டின்னில் வரும் கெட்டிப் பால்தான். தேன் மாதிரி இழுக்கும். "அண்ணே, ஊத்தி காட்டு" என்றார் சிஸ்டர். காத்தமுத்து டின்னைக் கவிழ்த்தார். கவிழ்த்த கையோடு என்னிடம் தோட்டத்து யானைக் கதையைச் சொல்லத் தொடங்கினார். கதையில் யானை வேலியைத் தாண்டுகிறவரைக்கும் பால் இறங்கிக்கொண்டிருந்தது. நான் டின்னைத் திருப்பி, அதில் எழுதியிருந்ததைப் படித்துக் காட்டினேன். முதலில் இருந்ததே சீனிதான்.

"அட, பாலுக்குள்ள அவன் சீனி போட்டா அதுக்கு நானா பொறுப்பு?" என்றார் காத்தமுத்து.

டின் பாலோடு போயிருந்தால் பரவாயில்லை. வெயிலில் வேர்க்கிறது, உடம்பில் உப்புச் சத்து போகிறது என்று நாள் முழுக்க டப்பா பானம். விளையாட்டு வீரர்கள் குடிக்கிறார்களே, அது மருந்து மாதிரி என்பது அவர் எண்ணம். விளையாட்டு வீரன் ஓடுகிறான் அண்ணே, நீங்கள் மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்துகொண்டு மற்றவர்களை ஓட விடுகிறீர்கள் என்றேன். இதற்கு நடுவே இன்னொரு கூத்து. டப்பாவைத் திறக்கிற அலுமினிய வளையங்களைச் சேர்த்துக் கொடுத்தால் கால் இழந்தவர்களுக்குச் செயற்கைக் கால் செய்வார்கள் என்று யாரோ சொன்னார்களாம். அதனால் ஒவ்வொரு டப்பாவிலும் வளையத்தைத் திருகிப் பிய்த்து மோட்டார் சைக்கிள் கூடையில் போட்டுக்கொள்வார். ஒரு டப்பா குடித்தால் ஒரு புண்ணியம். அந்த மனிதரிடம் போய்க் குடிக்காதீர்கள் என்றால், தருமத்தைத் தடுத்த பாவம் நமக்கு வந்து சேரும்.

அதையெல்லாம் கேட்டுக்கொண்டே சிஸ்டர் அவருடைய காலைத் துணியால் துடைத்தார்.

"இந்தக் காலப் பாருங்க சிஸ்டர்!" என்றார் காத்தமுத்து. "போன திருநாளுல தீக்குழியில எறங்கினேன். கொஞ்சங்கூட சுடல! சின்ன வயசுல எல்லாம் சுடும், பல்லக் கடிச்சிக்கிட்டு ஓடுவேன். இப்ப ரெண்டு மூணு வருசமா பூ மேல நடக்கற மாதிரி இருக்கு. ஆத்தா அருளு!"

நானும் சிஸ்டரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சிஸ்டர் இழுப்பறையிலிருந்து, பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கும் நூலை எடுத்தார்.

அந்த நூல் தூண்டில் நரம்பு மாதிரி இருக்கும், சின்னக் கைப்பிடியில் செருகியிருக்கும். முதலில் அதை நோயாளியின் கையில் தொட்டுக் காட்ட வேண்டும். தொட்டால் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரிய வேண்டும் அல்லவா. அப்புறம் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, பாதத்தில் ஒவ்வோர் இடமாக நேராக வைத்து, நூல் லேசாக வளைகிறவரை அழுத்தி எடுக்க வேண்டும். தோல் காய்த்துப்போன இடத்தில் வைக்கக்கூடாது. இழுக்கக்கூடாது, தேய்க்கக்கூடாது. முக்கியமாக, ஒரே சீராக வைத்துக்கொண்டு போகக்கூடாது. தொடுவது தெரிந்தால் நோயாளி 'ஆமா' என்று சொல்ல வேண்டும்.

நான்தான் நூலைப் பிடித்தேன். காத்தமுத்து கண்ணை மூடிக்கொண்டார். "ஆமா!" என்றார். கொஞ்சம் விட்டு, "ஆமா!" என்றார். மறுபடியும் "ஆமா!" என்றார். வெளியே காத்திருந்தவர்களுக்கெல்லாம் கேட்டிருக்கும். எனக்கு மனம் லேசானது. பரவாயில்லையே, உணர்ச்சி இருக்கிறதே என்று நினைத்தேன். சிஸ்டர் என் மணிக்கட்டைப் பிடித்து மெதுவாகத் தூக்கினார். நூல் இப்போது அந்தரத்தில் நின்றது, காலுக்கும் அதற்கும் ஒரு சாண் இடைவெளி.

"ஆமா!" என்றார் காத்தமுத்து.

நான் ஒரே சீராகத் தொட்டுக்கொண்டு போனதில் அவர் தாளத்தைப் பிடித்துவிட்டார்.

"ஆமா!"

"அண்ணே, நீ கண்ண தொற" என்றார் சிஸ்டர். காத்தமுத்து கண்ணைத் திறந்து அந்தரத்தில் நின்ற நூலைப் பார்த்தார். "காத்து பட்டுச்சு" என்றார். ஆனால் அதை முதல் தடவையாகச் சின்னக் குரலில் சொன்னார்.

டாக்டர் வந்து பார்த்தார். சீனி பல வருடமாக ஏறிக் கிடந்ததில் பாதத்தின் நரம்பு கெட்டுவிட்டது. சூடு தெரியாது, முள் தெரியாது, புண் வந்தாலும் தெரியாது. தெரியாத புண் அழுகும். அப்புறம் கத்திதான். இந்த வருடம் தீ மிதிக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதும் காத்தமுத்துவின் பழைய குரல் திரும்பி வந்துவிட்டது.

"ஆத்தா குடுத்த அருள நோய்னு சொல்றீங்களா? இதுக்குத்தான் நான் கிளினிக்குக்கே வரதில்ல!" என்று எழுந்து போய்விட்டார். ஒரு காலில் அவருடைய பூட்ஸ், இன்னொரு காலில் அங்கே காத்திருந்த பார்வதி அக்காவின் சிலிப்பர். வாசலைத் தாண்டும் வரைக்கும் அவருக்கே அது தெரியவில்லை. அக்கா சத்தம் போட்டதும் எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்கப்புறம் கிளினிக்குக்கு வந்தது அவர் மனைவி பொன்னம்மா. மெலிந்த உடம்பு, வேகமான பேச்சு. ஒரு பை நிறைய வைட்டமின்களைக் கொண்டு வந்து மேசையில் கொட்டினார். நரம்புக்கு ஒரு மாத்திரை, ரத்தத்துக்கு ஒரு திரவம், 'சீனியைக் கரைக்கும்' என்று எவனோ விற்ற காப்பிப் பொடி.

"நரம்பு கெட்டுப்போச்சுன்னு டாக்டர் சொன்னாருல்ல, அத மட்டும் காதுல வாங்கிக்கிட்டாரு மிஸி. நரம்புக்கு வைட்டமின் சாப்பிட்டா சரியாயிரும், அப்புறம் தேத்தண்ணியும் குடிக்கலாம், தீயும் மிதிக்கலாமுன்னு சொல்றாரு. மாத்திரையவே டப்பா தண்ணியிலதான் முழுங்கறாரு. நான் என்னா செய்யட்டும்?"

வைட்டமின் குறைந்துபோய் நரம்பு கெட்டவர்களுக்கு அந்த மாத்திரை உதவும். சீனியால் கெட்டவர், சீனியைக் குடித்துக்கொண்டே அதைச் சாப்பிடுவது, ஓட்டைப் படகில் துடுப்பை மட்டும் புதிதாக மாற்றுவது மாதிரி. பொன்னம்மாவுக்கு அது புரிந்தது. புரிய வேண்டியவர் தோட்டத்தில் உட்கார்ந்து வளையம் பிய்த்துக்கொண்டிருந்தார்.

"காப்புக் கட்டறதுக்குள்ள எப்படியாச்சும் தடுத்துருங்க மிஸி" என்று சொல்லிவிட்டுப் போனார். தீ மிதிக்கிறவர்கள் திருவிழாவுக்கு முன்னால் கையில் மஞ்சள் காப்புக் கட்டிக்கொள்வார்கள். கட்டிவிட்டால் அம்மனுக்குக் கொடுத்த வாக்கு, பின்வாங்க முடியாது. தொலைபேசியில் அழைத்துப் பார்த்தேன், தோட்டத்துக்கே போய்ப் பார்த்தேன். என் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் மண்டோர் செம்பனைக் காட்டுக்குள் மறைந்துவிடுவார். அத்தனை பெரிய மீசையை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் மரத்துக்குப் பின்னால் ஒளிவதை நான் அன்றுதான் பார்த்தேன். காப்புக் கட்டிவிட்டார் என்று செய்தி வந்த அன்று எனக்கு உண்மையிலேயே அழுகை வந்தது.

திருவிழாவுக்குச் சில நாள் இருக்கும்போது அவராகவே கிளினிக்குக்கு வந்தார். காலுக்கு அல்ல, தொண்டை கட்டியதற்கு. பம்பைக்காரர்களோடு சேர்ந்து கத்தியிருக்கிறார். சிஸ்டர் தொண்டையைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. முக்காலியைக் காலால் தள்ளி அவர் முன்னால் வைத்தார்.

"அண்ணே, நீ பூட்ஸ் கழட்டு."

"தொண்டைக்குத்தான் வந்தேன் சிஸ்டர்."

"தொண்ட எங்கயும் போகாது. கழட்டு."

இடது பூட்ஸ் வந்தது. வலது பூட்ஸ் கொஞ்சம் இறுக்கமாக வந்தது. காலுறையைக் கழற்ற நானே குனிந்தேன். பாதத்தின் நடுவே ஏதோ பளபளத்தது. டப்பா வளையம். மோட்டார் கூடையில் பூட்ஸும் வளையங்களும் ஒன்றாகக் கிடந்ததில் ஒன்று உள்ளே விழுந்து, காலுறையின் ஓட்டை வழியாகப் புகுந்து, சதையில் பதிந்து உட்கார்ந்திருந்தது. சுற்றிலும் சிவந்து வீங்கி, ஓரத்தில் சீழ் கட்டத் தொடங்கியிருந்தது. அந்தக் காலோடுதான் அவர் தோட்டம் முழுக்க நடந்திருக்கிறார், கோயிலில் ஆடியிருக்கிறார்.

சிஸ்டர் கண்ணாடியைப் பாதத்துக்கு அடியில் பிடித்தார். "பாரு" என்று மட்டும் சொன்னார்.

காத்தமுத்து குனிந்து பார்த்தார். நான் இடுக்கியால் வளையத்தை எடுத்தேன். அப்படி எடுத்தால் எந்த மனிதனும் கூரை பறக்கக் கத்துவான். அவர் கத்தவில்லை. நான் எடுத்ததே அவருக்குத் தெரியவில்லை, கண்ணாடியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். வளையம் போன இடத்தில் இன்னொரு வளையம் அச்சு அசலாகத் தெரிந்தது.

"இது எப்ப வந்துச்சு?" என்றார்.

"நீங்கதான் சொல்லணும் அண்ணே" என்றேன்.

அவர் யாருக்கோ கால் செய்யச் சேர்த்த வளையத்தை என் கையிலிருந்து வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் புண்ணைச் சுத்தம் செய்து கட்டுப் போட்டேன். கடைசியில் கையில் கட்டியிருந்த மஞ்சள் காப்பைத் தொட்டுக்கொண்டு, "கட்டிட்டனே மிஸி" என்றார். குரல் உடைந்திருந்தது. தொண்டை கட்டியதால் மட்டும் இல்லை. சிஸ்டர் அவர் தோளில் கை வைத்தார். அம்மன் விஷயத்தில் நாங்கள் என்ன சொல்ல முடியும்?

திருவிழா அன்று நானும் போனேன். கிளினிக் ஊழியராக அல்ல, மனசு கேட்காமல். தீக்குழியில் கங்கு செக்கச்செவேல் என்று கிடந்தது. பம்பை முழங்கியது. ஆற்றிலிருந்து கரகம் வந்தது, அதற்குப் பின்னால் மஞ்சள் வேட்டியோடு காத்தமுத்து. பாதத்தில் கட்டு. பக்கத்தில் பொன்னம்மா. கரகம் குழியில் இறங்கிக் கடந்தது. அடுத்தது அவர். குழியின் விளிம்புக்கு வந்தார், நின்றார். கூட்டம் 'ஓம் சக்தி' என்று கத்தியது. அவர் அசையவில்லை. பம்பைக்காரர்கள் என்னவோ ஏதோ என்று அடிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

காத்தமுத்து திரும்பி, கட்டிய தொண்டையோடு, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"எனக்குக் காலு மரத்துப்போச்சு. இனிப்பு நீரு. ரெண்டு மூணு வருசமா சுடலன்னு பெருமையடிச்சேன். சுடறவன் மிதிச்சாத்தான் அது வேண்டுதலு. சுடாதவன் மிதிச்சா அது வெறும் நட. ஆத்தாவுக்கு வெறும் நடையக் குடுத்து ஏமாத்த மாட்டேன்."

பூசாரிதான் முதலில் சுதாரித்துக்கொண்டு, ஒரு பால்குடத்தை எடுத்து அவர் தலையில் வைத்தார். குழியை வலம் வந்தால் போதும், காப்புக்குப் பழுதில்லை என்றார். உடனே பொன்னம்மா ஓடிப்போய் ஒரு விளக்குமாற்றைக் கொண்டு வந்து, அவருக்கு முன்னால் தரையைக் கூட்டிக்கொண்டே நடந்தார். கல், முள், ஆணி எதுவும் காலில் ஏறிவிடக் கூடாதே. மண்டோர் பால்குடத்தோடு மெதுவாக வர, மனைவி புழுதி பறக்கக் கூட்டிக்கொண்டு போக, கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டது. இது ஏதோ புது வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டு மறுவருடம் இரண்டு பெண்கள் சொந்த விளக்குமாற்றோடு வந்து சேர்ந்தார்கள். இப்போது அந்தக் கோயிலில் அது சம்பிரதாயமாகவே ஆகிவிட்டது. யாரும் காரணம் கேட்பதில்லை, நானும் சொல்லவில்லை.

புண் ஆற நாள் பிடித்தது, ஆனால் ஆறிவிட்டது. இரண்டு காலும் இன்றுவரை அவரிடமே இருக்கின்றன. மரத்த உணர்ச்சி திரும்பி வரவில்லை. வைட்டமினால் வரவில்லை, மருந்தாலும் வரவில்லை. இதைத்தான் வாட்ஸ்அப்பில் கேட்ட கிளினிக் பெண்களுக்குச் சொல்ல நினைத்தேன். பொடியையும் புட்டியையும் கொண்டு வருகிறவர்களைத் திட்டாதீர்கள். முதலில் காலைப் பாருங்கள், அப்புறம் அவர்கள் என்ன குடிக்கிறார்கள் என்று ஊற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

திருவிழா முடிந்து சில வாரம் கழித்து, பெர்ஜுந்தாய் சாலையோர ஒட்டுக்கடையில் காத்தமுத்துவைப் பார்த்தேன். பொன்னம்மாவும் பக்கத்தில் இருந்தார். மேசையில் ஒரு தம்ளர், உள்ளே கறுப்பாக ஏதோ. பாலும் கிடையாது, சீனியும் கிடையாது, கடைக்காரர்கள் 'கோசோங்' என்பார்களே, அந்த வெறும் தேநீர். காத்தமுத்து அதைக் கடன்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே, டாக்டர் சொன்னாரா?" என்றேன்.

"டாக்டர் சொல்லி நான் எத மிஸி கேட்டிருக்கேன்? ஆத்தாவுக்கு வேண்டிக்கிட்டேன். சீனி, டின் பாலு, டப்பா தண்ணி, எதையும் தொடறதில்ல."

"எத்தன நாளைக்கு?"

"காலு ரெண்டும் இருக்கற வரைக்கும்."

சொல்லிவிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரு மடக்கு குடித்தார். மீசை கோணியது, தோள் குலுங்கியது, கண்ணோரம் நீர் கட்டியது. தம்ளரை மேசையில் வைத்துவிட்டு மூச்சு வாங்கினார்.

"வலிக்குது மிஸி" என்றார். "அப்ப இது ஆத்தா கணக்குல சேரும்."